பந்தைத் தொடலாம், டீ கப்பைத் தொடக்கூடாது: இந்தியாவின் முதல் பெரிய பவுலர் பாலூ யார்?

ஒரு நெட் பவுலர் இந்திய அணிக்குள் வந்த கதைன்னு சொன்னா நம்ம பக்கத்து ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது நடராஜன்தான். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர், இடதுகை வேகப்பந்து வீச்சாளர். 2020 கடைசியில் நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதே டூரில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமாகிவிட்டுத் திரும்பினார். தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. அதனால் தருமபுரி, அரூர் பசங்களும் அவரை நம்ம ஊர் ஆளாகத்தான் பார்க்கிறாங்க.

இந்தக் கதைக்கு 125 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு முன்னோடி உண்டு. அவரும் இடதுகைக்காரர், அவரும் நெட் பவுலராகத் தொடங்கியவர். அவர் பெயர் பல்வாங்கர் பாலூ. அவர் விளையாடிய காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே கிடையாது, ரஞ்சிக் கோப்பையும் கிடையாது. ஆனாலும் இந்திய மண்ணில் உருவான முதல் பெரிய பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாறு எழுதுபவர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் கடைசிவரை தன் அணிக்குக் கேப்டன் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாலூ எங்கிருந்து வந்தார்?

1876-ல் தார்வாடில் பிறந்தார். இன்றைக்கு அது கர்நாடகா. குடும்பம் தோல் தொழில் செய்யும் சமார் சமூகத்தைச் சேர்ந்தது. அன்றைய சாதி வழக்கப்படி 'தீண்டத்தகாதவர்'கள். பல்வாங்கர் என்பது கொங்கண் பகுதியில் இருந்த பூர்வீக ஊரின் பெயரிலிருந்து வந்தது.

அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. அதனால் பாலூவும் தம்பி சிவராமும் புனேயில் வளர்ந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிமுடித்துத் தூக்கிப்போட்ட பழைய மட்டையும் பந்தும்தான் இவர்களுக்குக் கிடைத்த கிட். கோச்சிங் கேம்ப் எல்லாம் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

முதல் வேலை, புனேயில் ஒரு பார்சி கிளப்பில். பிட்சைப் பெருக்கணும், ரோலர் இழுக்கணும். மாதச் சம்பளம் 3 ரூபாய். நடுவில் உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் பந்து போடுவார். 1892-ல் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார், சம்பளம் 4 ரூபாய் ஆனது. பிட்ச் வேலையோடு நெட் கட்டுவது, டென்னிஸ் கோர்ட்டுக்குக் கோடு போடுவது எல்லாம் சேர்ந்துகொண்டது. அப்போது அவருக்கு வயது 16.

கிரவுண்ட் பையன் எப்படி பவுலர் ஆனான்?

கிளப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் பாலூவின் கையைக் கவனித்து நெட்டில் பந்து போடச் சொன்னார். அதன்பிறகு தினமும் மணிக்கணக்கில் பந்துவீசுவதே வேலையாகிவிட்டது.

அந்தக் கிளப்பின் பெரிய பேட்ஸ்மேன் ஜே. ஜி. கிரெய்க். ராணுவ அதிகாரி, இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடியவர். அவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மைதானத்துக்கு வந்து பாலூவின் பந்தில் பயிற்சி எடுப்பாராம். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை உண்டு. மாதச் சம்பளம் 4 ரூபாய் வாங்கும் பையனுக்கு எட்டு விக்கெட் எடுத்தால் இன்னொரு மாதச் சம்பளம். கதை எப்படியோ, நாட்டின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவருக்குத் தினமும் பந்து போட்டது பாலூவுக்குப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. இத்தனை வருஷத்தில் அந்த நெட்டில் பாலூவுக்கு யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. பேட்டிங் என்பது கனவான்களின் வேலை, பந்து போடுவது கூலியாளின் வேலை. அன்றைய கிரிக்கெட்டில் இது எழுதப்படாத சட்டம். இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அங்கே அது வர்க்கம், இங்கே அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது.

பாலூ வீசியது இடதுகை சுழற்பந்து. எளிமையான ஆக்‌ஷன். ஒரே ஆக்‌ஷனில் வேகத்தை மாற்றுவார், பந்தைத் தூக்கிப் போட்டு ஏமாற்றுவார், இரண்டு பக்கமும் திருப்புவார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் உச்ச இடதுகை சுழற்பந்து வீச்சாளர் யார்க்‌ஷயரின் வில்ஃபிரெட் ரோட்ஸ். பாலூவை இந்தியாவின் ரோட்ஸ் என்று அழைத்தார்கள்.

'தீண்டாமை' நடுவில் எப்படி அணிக்குள் வந்தார்?

புனேயில் இந்துக்கள் நடத்திய ஒரு கிளப் இருந்தது. ஐரோப்பியர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அதன் ஆசை. ஊரிலேயே சிறந்த பவுலர் பாலூ என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கிளப் இரண்டாகப் பிரிந்தது. உள்ளூர் பிராமண உறுப்பினர்களில் பலர் மறுத்தார்கள். தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள். இப்படி ஒரு பவுலரை வேண்டாம் என்பது முட்டாள்தனம் என்ற பொருளில் கிரெய்க்கும் வெளிப்படையாகப் பேசினார். கடைசியில் சேர்த்தார்கள். ஏனென்றால் ஜெயிக்கணும்.

சேர்த்த விதம்தான் விஷயம். மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். அவர் விரல் பட்ட பந்தை மற்ற பத்துப் பேரும் பிடித்தார்கள், எறிந்தார்கள். டீ இடைவேளை வந்தால் கணக்கு மாறிவிடும். மற்றவர்களுக்கு பெவிலியனுக்குள் பீங்கான் கப். பாலூவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கிப்போடும் மண் குவளை. சாப்பாடு தனி மேஜையில், தனித் தட்டில். முகம் கழுவணும்னா அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஒரு வேலையாள் ஒதுக்குப்புறமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றணும்.

இதை இன்னொரு செய்தியோடு சேர்த்துப் பார்க்கணும். அதே காலத்தில் சென்னை சேப்பாக்கத்தில் வெள்ளையர்களின் கிளப் பெவிலியனில் இந்திய வீரர்களுக்கு இடமில்லை, மரத்தடிதான். அந்த அவமானத்துக்குப் பதிலாகத்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் நம்மை வெளியே உட்கார வைக்கிறான் என்று நாடு முழுக்க இந்திய வீரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அதே இந்தியர்கள்தான் புனேயில் தங்கள் சொந்த அணி வீரரை வெளியே உட்கார வைத்தார்கள்.

பாலூ விக்கெட் எடுத்துக்கொண்டே இருந்தார். சாத்தாராவில் வெள்ளையர் அணி, அவருடைய சுழல் எடுபடக்கூடாது என்று பிட்சை நாள்கணக்கில் ரோலர் ஓட்டித் தட்டையாக்கி வைத்திருந்தது. அந்தப் பிட்சிலும் 7 விக்கெட் எடுத்தார். வெற்றிக்குப் பிறகு அவரை ஊர்வலமாக அழைத்துப்போனார்கள். நீதிபதியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான எம். ஜி. ரானடே, பாலூவோடு விளையாட முடிகிறவர்கள் அவரோடு சேர்ந்து சாப்பிடவும் முடியணும் என்ற கருத்தைப் பொதுமேடையில் முன்வைத்தார்.

பம்பாய் போனதும் என்ன மாறியது?

1896-ல் பிளேக் பரவியது. அந்தச் சமயத்தில் பாலூ பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை, ரயில்வே அணிக்காகவும் விளையாட்டு. பம்பாய் இந்து ஜிம்கானாவில் சேர்ப்பதிலும் முதலில் எதிர்ப்பு எழுந்தது, பிறகு அடங்கியது.

அன்றைய பம்பாய் கிரிக்கெட் மத அடிப்படையில் பிரிந்திருந்தது. ஐரோப்பியர்கள் ஒரு அணி, பார்சிகள் ஒரு அணி, இந்துக்கள் ஒரு அணி. 1912-ல் முஸ்லிம்களும் சேர, அது நான்கு அணிகள் ஆடும் போட்டியானது. இன்றைய ஐபிஎல் மாதிரி கூட்டம் கூடும் நிகழ்வு அதுதான்.

1906 பிப்ரவரியில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். வங்கப் பிரிவினை நடந்து சில மாதங்களே ஆன நேரம், நாடே கோபத்தில் இருந்தது. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. இந்துக்களுக்கு 109 ரன் வெற்றி. அந்த 102-க்குள் எதிரணியைச் சுருட்டியதில் பாலூவின் கை பெரியது. தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினார். ஒரு மேட்ச் என்பதைத் தாண்டி, சாதியைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன கிடைக்கும் என்று பத்திரிகைகள் பேசத் தொடங்கின.

1911 இங்கிலாந்து: 114 விக்கெட்

முதல்முறையாக 'அகில இந்திய' அணி என்ற பெயரில் ஒரு அணி 1911-ல் இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 20-ஐக்கூடத் தாண்டாத இளைஞர். அவர் பெரும்பாலான நாள்கள் விருந்துகளில் இருந்தார். பவுலிங் பாரம் முழுக்க பாலூவின் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 35.

அணி மொத்தம் 23 ஆட்டங்கள் ஆடியது. பெரும்பாலானவற்றில் தோல்வி. ஆனால் பாலூவின் கணக்கைப் பாருங்க:

- எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட், சராசரி 18.84
- முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட்
- கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன் கொடுத்து 8 விக்கெட்
- லெஸ்டர்ஷயரை அணி வீழ்த்திய ஆட்டத்தில் 11 விக்கெட்

தோள் வலியோடுதான் டூரின் ஒரு பகுதியை ஆடினார். சோமர்செட்டை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ரன் அடித்தார். மகாராஜா தலைமையில் போன அணியின் மானத்தைக் காப்பாற்றியதில் இந்த இரண்டு சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊர் திரும்பியதும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா நடத்தினார்கள். அதில் வாழ்த்துமடல் தயாரிப்பில் ஒரு கல்லூரி மாணவருக்குப் பங்கு இருந்தது. அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். பாலூ அவருக்கு அப்போது ஹீரோ.

ஏன் கேப்டன் ஆகவில்லை?

இங்கிலாந்தில் நூறு விக்கெட் தாண்டிய ஆள், அணியிலேயே மூத்தவர், ஆட்டத்தை நன்றாகப் புரிந்தவர். இந்து அணிக்குக் கேப்டன் தேர்வு என்று வந்தாலே அவர் பெயர் பேசப்படும். பிறகு வேறு ஒருவர் பெயர் அறிவிக்கப்படும். 1913-ல் கேப்டனான எம். டி. பை, இந்த மரியாதை பாலூவுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று தானே வெளிப்படையாகச் சொன்னார். பை ஒரு பிராமணர். இத்தனைக்கும் அந்தச் சமயத்தில் பாலூ, சிவராம், கண்பத், விட்டல் என நான்கு சகோதரர்களும் அணிக்குப் பங்களித்தவர்கள்.

ஏன் இந்தத் தயக்கம்? பவுலர் என்பவர் சொன்ன வேலையைச் செய்பவர். கேப்டன் என்பவர் சொல்பவர். ஒரு தலித் நன்றாகப் பந்துவீசுவதை ஏற்றவர்களுக்கு, அவர் சொன்ன இடத்தில் போய் ஃபீல்டிங் நிற்பது கஷ்டமாக இருந்தது. ஆபீஸில் வேலை வாங்கும்போது திறமை தெரியும், பதவி உயர்வு வரும்போது மட்டும் அது மறந்துபோகும். அதே கணக்குதான்.

1920-ல் விஷயம் வெடித்தது. கேப்டனாக இருக்க வேண்டிய பை உடல்நலமில்லாமல் இருந்தார். தேர்வுக் குழு டி. பி. தேவதரைக் கேப்டனாக்கியது. பாலூவை முதல் ஆட்டத்திலிருந்தே நீக்கியது. அப்போது நல்ல ஃபார்மில் இருந்த தம்பி விட்டலுக்கும் கேப்டன் பதவி இல்லை. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். சும்மா போகவில்லை, சாதிதான் காரணம் என்று பொதுவெளியில் அறிக்கையும் கொடுத்தார்கள். இந்திய விளையாட்டில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து வீரர்களே நடத்திய மிக ஆரம்பகாலப் போராட்டங்களில் இது ஒன்று.

தீண்டாமைக்கு எதிரான பேச்சு நாட்டில் வலுத்த நேரம் என்பதால் பொதுமக்கள் கருத்து சகோதரர்கள் பக்கம் நின்றது. குழு இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்தில் பை திரும்பக் கேப்டனாக, சகோதரர்கள் மறுபடி சேர்ந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியே போனார். அந்த நேரத்தில் களத்தில் அணியை நடத்தியவர் பாலூ. அவருக்கு வாய்த்த தலைமை அவ்வளவுதான். அதோடு பெரிய கிரிக்கெட்டிலிருந்து விலகினார். முதல்தரக் கணக்கு 33 ஆட்டங்கள், 179 விக்கெட், சராசரி 15.21.

மூன்று வருஷம் கழித்து, 1923-ல், விட்டல் கேப்டனானார். அந்த வருஷம் அணி ஐரோப்பியர்களை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கினார்கள். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

அம்பேத்கரோடு என்ன பிரச்சினை?

கதையின் சிக்கலான பகுதி இது. இதைத் தவிர்த்துவிட்டு பாலூவைச் சொல்ல முடியாது.

1930-களில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது. தனித்தொகுதி முறையில் அவர்களே ஓட்டுப் போட்டு அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கர் கேட்டது இதைத்தான். கூட்டுத்தொகுதி முறையில் இடம் ஒதுக்கப்படும், ஆனால் ஓட்டு எல்லோரும் போடுவார்கள். நம்ம மதராஸ் மாகாணத் தலைவர் எம். சி. ராஜா இந்தப் பக்கம் வந்தார். பாலூவும் ராஜாவோடு நின்றார்.

1932-ல் பிரிட்டிஷ் அரசு தனித்தொகுதியை அறிவிக்க, எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24-ம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி கைவிடப்பட்டது, மாகாணச் சபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. கையெழுத்துப் போட்டவர்களில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலூவும் உண்டு. மண் குவளையில் டீ குடித்த அதே புனேயில், நாட்டின் தலைவிதியை எழுதும் தாளில் கையெழுத்து.

1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலூ. ஒருகாலத்தில் தனக்கு வாழ்த்துமடல் தந்த இளைஞரை எதிர்த்தே போட்டி. சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் பாலூ தோற்றார்.

இதை வைத்து பாலூவை விலைபோனவர் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு நியாயம் ஆகாது. அம்பேத்கரின் அனுபவம், கதவுகள் தானாகத் திறக்காது என்பது. பாலூவின் அனுபவம், உள்ளே போய் ஜெயித்துக் காட்டினால் மெதுவாகவாவது திறக்கும் என்பது. பாலூ தன் வாழ்க்கையிலிருந்தே தன் முடிவுக்கு வந்தார். ஆனால் அந்த வாழ்க்கையே அவருக்கு எதிரான சாட்சியும்தான். 114 விக்கெட் எடுத்தவருக்கே கேப்டன் பதவி இல்லை என்றால், எந்தத் திறமையும் இல்லாத சாதாரண ஆளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? அம்பேத்கர் கேட்டது அந்தச் சாதாரண ஆளுக்காக.

சட்டம் வந்தது, பாலூ போனார்

1955 ஜூலை 4-ம் தேதி பம்பாயில் பாலூ இறந்தார். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஜூன் 1-ம் தேதி, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. ஹோட்டல் போன்ற பொது இடங்களில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் ஒருவரைச் சாதியின் பெயரால் தடுப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பாலூவின் மண் குவளைக்கு எதிரான சட்டம் என்றே சொல்லலாம். அவருக்கு அது ஐம்பது, அறுபது வருஷம் தாமதம்.

அதன்பிறகு அவரைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 2002-ல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூல்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. லகான் படத்தில் வரும் கச்ரா என்ற சுழற்பந்து வீச்சாளரைப் பார்த்தவர்களுக்கு இப்போது பாலூ ஞாபகத்துக்கு வரலாம்.

இன்னைக்கு இதை ஏன் படிக்கணும்?

2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. தோட்ட வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ ஊற்றிக் கொடுத்ததாகப் புகார், வீடியோ பரவியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு பேர் கைது. நடந்தது வேறு எங்கேயோ இல்லை, நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான்.

மண் குவளை சிரட்டையாக மாறியிருக்கிறது, நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. பாலூ புகார் கொடுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ஒரு சட்டம் இல்லை, கையில் செல்போனும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பந்து மட்டும்தான். அந்தப் பெண்களுக்குச் சட்டம் இருக்கிறது, வழக்கும் பதிவானது. நம்ம ஊர் டீக்கடையிலோ தோட்டத்திலோ இப்படி ஒன்றைப் பார்த்தால், இது பழக்கம்தானே என்று கடந்து போகாமல் இருக்க பாலூவின் கதை ஒரு காரணமாக இருந்தால் போதும்.